கடவுளின் சாயல்: நினைவு போன அம்மாவுக்கும் அது உண்டா?

செம்மண் (தேவகோட்டை) | ஞாயிறு, இரவு 9:20

அம்மாவுக்கு 81 வயது. மறதி நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். அப்புறம் தெரு மறந்தது. இப்போது நான் யார் என்பதே மறந்துவிட்டது. காலையில் பல் விளக்கிவிடும்போது என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார். கோபமெல்லாம் இல்லை. வாசலில் வந்து நிற்கும் பிள்ளையைக் கேட்பது மாதிரிதான் கேட்பார்.

போன வாரம் உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்காக வெளியூர் போனேன். ஞாயிறு பூசை அங்கேதான். பிரசங்கத்தில் சாமியார் பைபிளின் முதல் புத்தகமான தொடக்க நூலில், கடவுள் மனிதரைத் தம் சாயலாகப் படைத்தார் என்று வரும் முதல் அதிகாரத்தை எடுத்தார். "ஆடு மாட்டுக்கு இல்லாத அறிவு நமக்கு இருக்கிறது. யோசிக்கிறோம், நினைவில் வைத்துக்கொள்கிறோம், நல்லது கெட்டது பார்த்து முடிவெடுக்கிறோம். அதுதான் நமக்குள் இருக்கும் கடவுளின் சாயல்" என்றார். நல்ல மனிதர், நன்றாகத்தான் பேசினார். எனக்குத்தான் அதற்குப் பிறகு ஒன்றும் காதில் விழவில்லை.

யோசனை போயிற்று, நினைவு போயிற்று, முடிவெடுப்பதும் போயிற்று. அப்படியென்றால் என் அம்மாவிடம் சாயலும் போயிற்றா? இல்லை, நினைவு கரையக் கரைய அதுவும் சேர்ந்து கரைகிறதா? பூசை முடிந்து அவரிடம் போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன். ஆறுதல் வேண்டாம். இதற்குப் பதில் வேண்டும்.

நைட்_டூட்டி | ஞாயிறு, இரவு 10:05

அக்கா, பெரிய கேள்விக்கு மற்றவர்கள் பதில் சொல்வார்கள். நான் நர்ஸ். சாப்பாடு எப்படிப் போகிறது? இந்தக் கட்டத்தில் வாயிலேயே சோற்றை அடக்கிவைத்துக்கொள்வார்கள். விழுங்க மறந்துபோகும். படுக்கவைத்து ஊட்டாதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாக, குழைய மசித்துக் கொடுங்கள். சாப்பிட்டதும் உடனே படுக்கவிடாமல் அரைமணி நேரமாவது உட்காரவைத்திருங்கள்.

வேதமாணவன் (மதுரை) | திங்கள், காலை 6:40

அக்கா, அந்தச் சாமியார் சொன்னது புதிதல்ல. மிகப் பழைய விளக்கம் அது. இரண்டாம் நூற்றாண்டில் ஆயர் இரேனியு 'உருவம்' வேறு, 'சாயல்' வேறு என்று பிரித்தார். பகுத்தறிவும் சுதந்திரமும் உருவம், அது போகாது. ஆவியால் வரும் பரிசுத்தம் சாயல், அது பாவத்தால் போயிற்று என்றார். பிறகு வந்த ஆயர் அகுஸ்தீன் மனித மனத்தில் நினைவு, அறிவு, விருப்பம் என மூன்றைப் பார்த்து, மூவொரு கடவுளின் சாயல் அதில் தெரிகிறது என்றார். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸும் அறிவின் பக்கம்தான் நின்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இந்த வழியிலேயே பேசிப் பழகிவிட்டோம்.

அகுஸ்தீனுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சாயல் தேய்ந்து கிட்டத்தட்ட இல்லை என்று ஆனாலும், மங்கினாலும், உருக்குலைந்தாலும், அது எப்போதும் இருக்கத்தான் செய்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆக, அவர் பெயரைச் சொல்லிக்கூட உங்கள் அம்மாவிடமிருந்து அதைப் பிடுங்க முடியாது.

ஆனால் எனக்கு அந்த வழியே சரியாகப் படவில்லை. தொடக்க நூலை எழுதியவர் மனத்தைக் கூறுபோட்டுப் பார்க்கவில்லை. அவர் எழுதிய எபிரேயச் சொற்கள் இரண்டு: செலெம், தெமூத். செலெம் என்றால் சிலை. பாபிலோன் அரசன் நெபுகத்நேசர் நிறுத்திய பொற்சிலைக்கு தானியேல் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் வருவது அதே சொல்தான். எண்ணிக்கை நூல் 33:52-இல் உடைக்கச் சொன்ன வார்ப்புச் சிலைகளுக்கும் அதே சொல். 1979-இல் சிரியாவில் தெல் பெகரியே என்ற இடத்தில் ஓர் அரசனின் சிலை கிடைத்தது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் செய்தது. அதில் அரமேயம், அக்காதியம் என்ற இரண்டு பழைய மொழிகளில் எழுத்து. அந்த அரமேய எழுத்தில் செலெம், தெமூத் என்ற இரண்டு சொல்லும் அந்தச் சிலையைக் குறித்தே வருகின்றன.

அந்தக் காலத்து மத்திய கிழக்கில் கடவுளின் உருவம் என்று யாரைச் சொன்னார்கள்? அரசனை. தான் நேரில் இல்லாத ஊரில் 'இது என் நிலம்' என்று காட்ட அரசன் தன் சிலையை நிறுத்துவான். தொடக்க நூல் அந்தச் சொல்லை எடுத்து ஆண், பெண் எல்லோருக்கும் கொடுக்கிறது. சிலை செய்யாதே என்று கட்டளையிட்ட கடவுள், தமக்கென்று தாமே நிறுத்திக்கொண்ட சிலை மனிதர்கள்தாம்.

இப்போது பாருங்கள். சிலைக்கு மதிப்பு அது யோசிப்பதால் வருவதில்லை. அதை நிறுத்தியவரால் வருகிறது.

முற்றம் (பள்ளத்தூர்) | திங்கள், மதியம் 2:30

மகளே, நான் உங்கள் அம்மாவைவிட ஏழெட்டு வயது இளையவள். எங்கள் வளவில் உட்கார்ந்து பேத்தியின் போனில் இதைப் படித்தேன். நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டுகிறாள்.

எங்கள் சைவத்தில் கணக்கு வேறு. உயிரைக் கடவுள் படைத்தார் என்று நாங்கள் சொல்வதில்லை. பதி என்கிற இறைவன், பசு என்கிற உயிர், பாசம் என்கிற தளை, இந்த மூன்றுக்கும் தொடக்கம் கிடையாது. உயிர் அறிவுடையதுதான். ஆனால் கருவி இல்லாமல் அந்த அறிவு விளங்காது. கண் நன்றாக இருந்தாலும் இருட்டில் தெரிகிறதா? அதற்காகக் கண் இல்லை என்று சொல்வோமா? உங்கள் அம்மாவுக்குக் கருவிதான் ஓய்ந்துபோயிருக்கிறது. என் படிப்புக்கு எட்டியது இவ்வளவு.

இன்னொன்றும் சொல்கிறேன், இது படிப்பில் வந்ததல்ல. எனக்கு மூத்த பிள்ளை பிறந்தபோது, வழக்கப்படி மாமனார் பெயரை வைத்தார்கள். பெயரன் என்பதுதானே பேரன். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் கைப்பிள்ளையை "ஐயா" என்றுதான் கூப்பிட்டேன். பயல் சரியான வாலு. ஒருநாள் இரண்டாங்கட்டில் காயவைத்திருந்த வற்றல் அத்தனையிலும் தண்ணீரை ஊற்றிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கை ஓங்கிவிட்டேன். வாயில் வசவு வந்துவிட்டது. ஆனால் யாரைத் திட்ட? அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நிற்கிறவனைத் திட்டினால் அது பெரியவரைப் போய்ச் சேராதா? கையைக் கீழே போட்டேன். அவனுக்கு அப்போது மூன்று வயது. பெரியவரின் அறிவோ பெருந்தன்மையோ ஒரு குன்றிமணி அளவும் அவனிடம் கிடையாது. ஆனாலும் அவர் பெயர் அவன்மேல் இருந்தது.

நீங்கள் கேட்கிற சாயல் இப்படிப்பட்டதாக இருக்குமோ என்று தோன்றுகிறது.

வேதமாணவன் | திங்கள், மாலை 5:15

ஆச்சி, நீங்கள் சொன்னதை பைபிளில் யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதிவைத்திருக்கிறார், 3:9. ஒரே நாவால் தந்தையாம் கடவுளைப் போற்றுகிறோம், அவர் சாயலில் உண்டான மனிதரைச் சபிக்கிறோம், இது தகாது என்கிறார். நீங்கள் கையைக் கீழே போட்ட காரணம்தான் அவர் சொல்லும் காரணமும்.

ஜெபவீடு (காரைக்குடி) | திங்கள், இரவு 8:00

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். ஆதாம் பாவம் செய்தபோதே அந்தச் சாயல் கெட்டுப்போயிற்று. கிறிஸ்துவே அதரிசனமான, அதாவது கண்ணுக்குத் தெரியாத, தேவனுடைய தற்சுரூபம் என்று கொலோசெயர் 1:15 சொல்கிறது. அவருக்குள் வந்தால்தான் அந்தச் சாயல் நம்மில் புதிதாகும், இது 3:10. மனிதன் பிறந்தபடியே தேவசாயல் என்று சொன்னால் இரட்சிப்பு எதற்கு? சகோதரியின் வருத்தம் புரிகிறது. அதற்காக வசனத்தை வளைக்கக் கூடாது.

வேதமாணவன் | திங்கள், இரவு 8:50

அண்ணே, வளைக்கவில்லை. கிறிஸ்துவில் அது முழுமையாகிறது, புதிதாகிறது என்பதில் உங்களுக்கும் எனக்கும் வித்தியாசமே கிடையாது. ஆனால் தொடக்க நூல் 9:6-ஐப் பாருங்கள். விலக்கப்பட்ட கனியும் ஆயிற்று, காயின் கொலையும் ஆயிற்று, வெள்ளமும் வந்து வடிந்தது. அதற்குப் பிறகு, மனித இரத்தத்தைச் சிந்தாதே, ஏனெனில் மனிதன் கடவுளின் சாயல் என்கிறார். சாயல் போய்விட்டது என்றால் அந்தக் காரணமே செல்லாதே. யாக்கோபு பேசுவதும் விசுவாசிகளைப் பற்றி மட்டும் அல்ல, மனிதரைப் பற்றி.

தெற்குத்தெரு | திங்கள், இரவு 11:30

படித்துக்கொண்டே வந்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆண், பெண் எல்லோருக்கும் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி.

என் தாத்தாவும் ஞானஸ்நானம் வாங்கியவர்தான். அவர் இறந்தபோது எனக்குப் பதினொரு வயது. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பக்கம். முன்வாசல் வழியாகப் போகக் கூடாது என்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பு வழியாகச் சுற்றிப் போனோம். மழைக்காலம். வரப்பு வழுக்கி, என் சித்தப்பா முழங்கால் சேற்றில் இறங்கிவிட்டார். ஆனாலும் பெட்டியைத் தோளைவிட்டு இறக்கவில்லை. அந்தச் சுவரைக் கட்டியவர்களுக்கு நினைவு தெளிவாக இருந்தது, யோசனை இருந்தது, நல்லது கெட்டதும் தெரிந்திருந்தது.

அக்கா, உங்கள் அம்மாவிடம் சாயல் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். என் தாத்தாவிடம் இருந்ததா என்று அந்த ஊரில் ஒருவரும் கேட்கவே இல்லை.

செம்மண் | செவ்வாய், காலை 5:50

தம்பி, இரவு முழுக்க உங்கள் சித்தப்பாவின் தோள்தான் மனத்தில் இருந்தது. எங்கள் ஆட்கள் அந்தச் சுவரின் முன்பக்கம் நின்றவர்கள். இதைச் சொல்லாமல் அடுத்த வரி எழுதினால் அது பொய். என் அம்மாவுக்கு எது உண்டு என்று நான் கேட்கிறேனோ, அதை உங்கள் தாத்தாவுக்கு நாங்கள் மறுத்தோம்.

வேதமாணவன் | செவ்வாய், காலை 7:10

அண்ணே, உங்களுக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நான்காம் நூற்றாண்டில் நீசா நகர் ஆயர் கிரகோரி, அடிமைகளை விலைக்கு வாங்குகிறவர்களைப் பார்த்து, கடவுளின் சாயலுக்கு எத்தனை காசு விலை போட்டாய் என்று கேட்டார். பிரசங்க மேடையில் கேட்ட கேள்வி. பகுத்தறிவுள்ளவனை வாங்காதே என்று மட்டும் அவர் நிறுத்தவில்லை, அது யாருடைய உருவம், அதற்கு விலை போட நீ யார் என்றார்.

தெற்குத்தெரு | செவ்வாய், காலை 7:25

சொல்லி ஆயிரத்து அறுநூறு வருடம் ஆகிறது, தம்பி. சுவர் இன்னும் நிற்கிறது.

இளையான்குடி_வாசகன் | செவ்வாய், மாலை 4:00

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் மார்க்கத்தில் அல்லாஹ்வுக்கு ஒப்பானது எதுவும் இல்லை. அதனால் இந்தப் பேச்சில் நாங்கள் மிகக் கவனமாக இருப்போம். ஆனாலும் 'ஆதமை அவன் தன் உருவத்தில் படைத்தான்' என்று ஹதீஸ் (நபிமொழி) உண்டு, புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும். 'தன்' என்பது யாரைக் குறிக்கிறது, அல்லாஹ்வையா, ஆதமையா என்று அறிஞர்கள் இன்றைக்கும் வாதிடுகிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை.

முஸ்லிம் தொகுப்பில் அது வரும் ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். உங்களில் ஒருவர் தம் சகோதரருடன் சண்டையிட்டால் முகத்தை விட்டு விலகிக்கொள்ளட்டும், ஏனெனில் அல்லாஹ் ஆதமை அவனது உருவத்தில் படைத்தான் என்று வருகிறது. சண்டைக்காரனின் முகத்துக்கே அந்த மரியாதை, சகோதரி.

செம்மண் | செவ்வாய், இரவு 9:45

பாய், முகம் என்று சொன்னீர்கள். சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் எனக்கு ஆபரேஷன் நடந்தபோது அம்மாவைப் பத்து நாள் ஒரு காப்பகத்தில் விட்டிருந்தேன். ஒருநாள் முன்கூட்டிச் சொல்லாமல் போய் நின்றேன். அங்கே வேலை செய்த பெண் அம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மா விழுங்கவில்லை. கன்னத்தில் ஒன்று வைத்தாள். பலமான அடி அல்ல. வேலை சீக்கிரம் முடிய வேண்டுமே என்ற அடி. "இதுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்றாள், என்னைப் பார்த்ததும். இது. அந்தச் சொல்தான் அடியைவிட அதிகமாக வலித்தது. அன்றே கூட்டிவந்துவிட்டேன். ஆனால் அந்தப் பெண் சொன்னதும் அந்தப் பிரசங்கமும் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. ஒன்றும் தெரியாதவர் 'இது' ஆகிவிடுகிறார் என்றுதானே இரண்டுக்கும் பொருள்?

நைட்_டூட்டி | செவ்வாய், இரவு 10:30

அக்கா, கை மறக்காது என்று சொல்வார்கள். பழகிய வேலை ஏதாவது கொடுத்துப் பாருங்கள். எங்கள் வார்டில் ஒரு பாட்டிக்குப் பெயர்கூட நினைவில்லை, பூச்சரத்தைக் கொடுத்தால் கட்டிவிடுவார்.

செம்மண் | செவ்வாய், இரவு 10:50

கொடுத்தேன் தங்கச்சி. சுளகில் அரிசி போட்டு மடியில் வைப்பேன். என் பெயர் தெரியாத காலத்திலும் அழகாகப் புடைப்பார். கல் தனியாக, குருணை தனியாக வந்து விழும். அதைப் பார்த்துத்தான் 'அம்மா இன்னும் இருக்கிறார்' என்று தைரியப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்த மாதம் சுளகை வைத்தால் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு மெதுவாக அரிசியைத் தரையில் தள்ளிவிட்டார். கையும் மறந்துவிட்டது.

இனி 'மிச்சம் என்ன இருக்கிறது' என்று தேடித் தேடி அதில் போய்ச் சாய முடியாது. தேடத் தேட மிச்சம் குறைந்துகொண்டே போகிறது.

வேளார்வீடு | புதன், மதியம் 1:10

அக்கா, நாங்கள் மண் வேலைக்காரர்கள். ஐயனார் கோயில் புரவி எடுப்புக்கு எங்கள் வீட்டில்தான் குதிரை செய்வோம். பைபிள் எனக்குத் தெரியாது. சிலை, உருவம் என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

ஊர் கூடித் திருவிழா என்று முடிவானதும் முதல் காரியம் பிடிமண். ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுப்பார்கள். அதை வாங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்கலாம். கண்மாய் மண்ணை எடுத்து, மணலும் உமியும் போட்டு மிதிப்போம். கால் நாலும் முதலில். அது இறுகின பிறகு வயிறு, கழுத்து, தலை என்று மேலே ஏற்றுவோம். உள்ளே கூடுதான். சூளை வைத்து, சுண்ணாம்பு அடித்து, வர்ணம் தீட்டினாலும் கண் மட்டும் திறக்காமல் கிடக்கும். தூக்குகிற நாளில்தான் கண் திறப்போம். அதுவரை பிள்ளைகள் மேலே ஏறி விளையாடும். கண் திறந்த பிறகு நானே செருப்போடு பக்கத்தில் போக மாட்டேன்.

அப்புறம் தோளில் தூக்கிக் கோயிலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்துவிடுவோம். மழையும் வெயிலும்தான் அதற்கு. வர்ணம் போகும். காது உடையும். ஒருநாள் கால் மடங்கி விழும். ஆனால் உடைந்த குதிரையை யாரும் தூக்கிக் குப்பையில் போட மாட்டார்கள். அங்கேயே கிடந்து மண்ணாகும். போகிற வருகிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் கும்பிடுவார்கள்.

இன்னொன்று. பிழைக்க வெளியூர் போனவர்கள் தங்கள் சாமியை அங்கே வைக்க வேண்டுமென்றால், இங்கே கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போவார்கள். அங்கே அதை வைத்துக் கோயில் எழுப்புவார்கள். அந்த மண்ணுக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை, அரிவாள் இல்லை, குதிரை இல்லை. சாமி மாதிரி ஒன்றுமே அதில் இருக்காது. ஆனால் அங்கே சாமி இருக்கிறது. என்ன மாதிரி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, எங்கே இருந்து எடுத்தது என்றுதான் கேட்பார்கள்.

வேதமாணவன் | புதன், மாலை 6:20

அண்ணே, இரண்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்து படித்தது இன்றைக்குத்தான் புரிகிறது.

செம்மண் அக்கா, பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'தம்முடைய சாயலாக' என்று இருக்கும். புதிய பொது மொழிபெயர்ப்பில் 'தம் உருவில்' என்று இருக்கும். எபிரேயத்தில் அந்த இடத்தில் வருவது ஒரே எழுத்து, 'பெ'. 'இல்' என்றும் எடுக்கலாம், 'ஆக' என்றும் எடுக்கலாம். 'இல்' என்றால் எதில் ஒத்திருக்கிறோம் என்று தேடச் சொல்லும். அறிவா, நினைவா, பேச்சா என்று தேடிக்கொண்டே போவோம். 'ஆக' என்று எடுத்தால் தேட ஒன்றும் இல்லை. மனிதரைத் தம் சாயலாக வைத்தார், அவ்வளவுதான். பெரும்பாலும் 'இல்' என்றே மொழிபெயர்க்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 'ஆக' என்று வாசிக்கும் அறிஞர்கள் உண்டு. நானும் அந்தப் பக்கம்தான்.

உங்கள் பெயரும் இங்கே பொருந்துகிறது. மண்ணுக்கு எபிரேயத்தில் அதாமா. அதிலிருந்து எடுத்தவன் ஆதாம். சிவப்புக்கு அதோம்.

முற்றம் | புதன், இரவு 7:40

திருமூலர் படமாடக் கோயில், நடமாடக் கோயில் என்று இரண்டு சொல்கிறார். படம் ஆடுகிற கோயிலில் இருக்கும் பகவனுக்கு ஒன்று கொடுத்தால் அது நடமாடுகிற கோயிலான மனிதருக்குப் போய்ச் சேராது. மனிதருக்குக் கொடுத்தால் அது பகவனுக்கும் சேரும் என்கிறார். சின்ன வயதிலிருந்து ஒப்பிக்கிறேன். நடமாட்டம் நின்றுபோன கோயிலுக்கும் அது பொருந்தும் என்று இன்றைக்குத்தான் நினைத்தேன். மகளே, நீங்கள் ஊட்டுகிற ஒவ்வொரு வாயும் போய்ச் சேருகிறது.

தெற்குத்தெருத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. சுவர் எங்கள் ஊர்களிலும் உண்டு, கோயில் வாசலிலும் உண்டு. உங்களிடம் மட்டும் கேட்க வேண்டிய மன்னிப்பு இல்லை இது.

செம்மண் | வியாழன், இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான் கேட்டதே தப்பான இடத்தில் நின்று கேட்ட கேள்வி. அம்மாவிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அம்மாவை யார் வைத்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

ஓரியூர் எங்களுக்குப் பக்கம். மறைபரப்ப வந்த புனித அருளானந்தரை 1693-இல் வெட்டிய இடம். அங்கே மண் சிவப்பு. அவர் இரத்தம் பட்டுச் சிவந்தது என்று நம்பி, வருகிறவர்கள் ஒரு பிடி எடுத்துப்போவார்கள். அம்மா வருடம் தவறாமல் போவார். மாதா படத்துக்குப் பின்னால் சின்ன மஞ்சள் பையில் அந்த மண் எப்போதும் இருக்கும். இன்று வேளார் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு அந்தப் பையை எடுத்து அம்மா கையில் கொட்டினேன். முகர்ந்து பார்த்தார். கொஞ்சம் வாயில் போடப் போனார், தடுத்துவிட்டேன். அப்புறம் விரலை மூடிக்கொண்டார். தூங்குகிற வரைக்கும் திறக்கவில்லை. அது என்ன மண் என்று அவருக்கு நினைவு வந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன். வரவில்லை.

தெற்குத்தெருத் தம்பி, உங்கள் ஊர்ப் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். கல்லறைத் திருநாளுக்கு நான் வருகிறேன். உங்கள் தாத்தாவின் பக்கத்துக்கு, வரப்பு வழியாகவே வருகிறேன்.

இவ்வளவு நாளும் "நீ யாரு வீட்டுப் பிள்ளை" என்று கேட்கும்போதெல்லாம் என் பெயரைச் சொல்வேன், பிறந்த வருடம் சொல்வேன், போட்டோவைக் காட்டுவேன். அவருக்கு நினைவு வர வேண்டும் என்று மல்லுக்கட்டுவேன். இன்று சாப்பாட்டுக்கு முன்னால் அதே கேள்வியைக் கேட்டார். "உங்க வீட்டுப் பிள்ளைதாம்மா" என்றேன்.

"எங்க வீடா? அப்ப ஏன் நிக்கிற, உள்ள வா, வெயிலா இருக்கு" என்றார். மணி எட்டரை. உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினேன். பாதிதான் சாப்பிட்டார்.

தெற்குத்தெரு | வியாழன், இரவு 10:15

அனுப்பியிருக்கிறேன் அக்கா. வரப்பு வழி வேண்டாம். முன்வாசலில் நில்லுங்கள், அம்மாவையும் கூட்டிவாருங்கள். சக்கர நாற்காலியை நான் தள்ளுகிறேன்.